திறப்பு விழாவுக்குப் பிறகு

2001 அக்டோபரில், ஆப்கானிஸ்தான்மீது அமெரிக்கா குண்டு வீசத் தொடங்கிய நாட்களில், வங்கதேசத் தலைநகர் டாக்காவில் நடந்த எதிர்ப்பு ஊர்வலத்தில் ஒசாமா பின் லேடனின் படம் போட்ட சுவரொட்டிகளைத் தூக்கிச் சென்றார்கள். அந்தப் படத்தில் பின் லேடனுக்குப் பக்கத்தில், கொஞ்சமும் பொருத்தமில்லாமல், 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் பர்ட் என்ற மஞ்சள் பொம்மை முறைத்துக்கொண்டிருந்தது. சுவரொட்டி தயாரித்தவர்கள் இணையத்தில் தேடிக் கிடைத்த படங்களை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, பர்ட்டைக் கொடியவனாகச் சித்திரித்த ஒரு கேலித் தளத்தின் வழியாகப் பரவிய படம். செய்தி உலகெங்கும் போனதும் தளத்தை நடத்தியவர் பதறிப்போய் அதையே அழித்துவிட்டார். அமெரிக்க வரலாற்றாசிரியர் ராய் ரோசன்ஸ்வெய்க் 2003இல் 'அமெரிக்கன் ஹிஸ்டாரிக்கல் ரிவ்யூ' இதழில் எழுதிய நீண்ட கட்டுரையை இந்தக் கதையோடுதான் தொடங்கினார். உலகின் ஒரு கோடியும் மறுகோடியும் அந்த ஆண்டுகளில் எப்படி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வரலாற்றாசிரியருக்குக் கிடைப்பது கஷ்டம். அந்தச் சான்று ஒரே ஒருவர் ஒரு நாளில் எடுத்த முடிவில் இல்லாமல் போயிற்று. பரணில் போட்ட காகிதக் கட்டு கரையானுக்குத் தப்பினால் ஐம்பது வருடம் கழித்து யார் கையிலாவது கிடைக்கும். கணினியில் பிறந்த ஆவணத்தைப் பரணில் போட்டு மறந்துவிட முடியாது. மறந்த நாளிலிருந்து அது அழியத் தொடங்குகிறது.

ரோசன்ஸ்வெய்க் இதை வெறும் கவலையாக எழுதவில்லை. வர்ஜீனியாவில் உள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 1994இலேயே வரலாற்றுக்கும் புதிய ஊடகத்துக்குமான மையம் ஒன்றை அவர் தொடங்கியிருந்தார். 2007இல் அவர் புற்றுநோயால் இறந்தார். சில ஆண்டுகளில் மையத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. வரலாறு, இலக்கியம், மொழி, மெய்யியல், கலை ஆகியவற்றைக் கணினியின் துணையோடு ஆராய்வதையும் கற்பிப்பதையும் ஆங்கிலத்தில் 'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறார்கள். நம்மிடம் 'மானுடவியல்' என்ற சொல்லை இனக்குழு ஆய்வுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ஆகவே இங்கே டிஜிட்டல் மானுடப் புலம் என்றே குறிக்கிறேன். சொல் சற்றுக் கரடுமுரடுதான். இத்தகைய மையங்களின் முப்பது ஆண்டு வரலாற்றைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் வாதம் ஒன்றே. ஒரு மையம் எத்தனை தளங்களைத் திறந்துவைத்தது, எத்தனை லட்சம் பக்கங்களை ஸ்கேன் செய்தது என்பதைக் கொண்டு அதை மதிப்பிடுகிறோம். மதிப்பிட வேண்டியது, திறந்துவைத்தவற்றுள் எத்தனை இன்றும் திறக்கின்றன என்பதை. பேணும் வேலை எடுபிடி வேலையாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது பதிப்பாசிரியரின் புலமையைக் கோரும் வேலை. அந்தப் புலமை உள்ள ஆட்களுக்கு நிரந்தரப் பதவி கொடுக்கக்கூடிய இடம் பல்கலைக்கழகம்.

ஜார்ஜ் மேசன் பழம்பெருமை கொண்ட பல்கலைக்கழகமல்ல. 1972இல்தான் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ரோசன்ஸ்வெய்க் மாசசூசெட்ஸின் வொர்ஸ்டர் நகரத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்று ஆராய்ந்து பெயர் பெற்றவர், கணினி விஞ்ஞானியல்ல. 1993இல் அவரும் நியூயார்க் நண்பர்கள் இருவரும் சேர்ந்து 'அமெரிக்காவைக் கட்டியது யார்?' என்ற உழைப்பாளர் வரலாற்றைக் குறுந்தகடாக வெளியிட்டார்கள். பள்ளிகளுக்குக் கொடுக்கும் கணினிகளோடு ஆப்பிள் நிறுவனம் அதையும் சேர்த்து வழங்கியது. ஒருபால் உறவு, கருத்தடை பற்றிய பகுதிகளுக்குச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததும் அவற்றை நீக்கச் சொன்னது; ஆசிரியர்கள் மறுத்தார்கள்; விஷயம் வெளியே தெரிந்ததும் ஆப்பிள் பின்வாங்கியது. தணிக்கையிடம் தோற்காத அந்தக் குறுந்தகடு காலத்திடம் தோற்றது. அது ஓடுவதற்கான அன்றைய மெக்கின்டாஷ் சூழலே இன்று கிடையாது. அதே ஆண்டுகளில் அச்சான அந்த வரலாற்றின் புத்தக வடிவத்தை எந்த நூலகத்திலும் எடுத்துப் படிக்கலாம். மையத்தின் பிற்கால வேலைகள் பலவற்றுக்கும் இந்தப் பாடமே அடிப்படை என்று நினைக்கிறேன்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மக்கள் எழுதிய மின்னஞ்சல்கள், நேரடி அனுபவங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றை நியூயார்க்கில் உள்ள சமூக வரலாற்றுக் குழுவோடு சேர்ந்து இந்த மையம் திரட்டியது. 1,50,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள் சேர்ந்தன. 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதை ஏற்றுக்கொண்டது. டிஜிட்டல் வடிவில் அந்த நூலகத்துக்கு வந்த முதல் பெரிய சேகரங்களில் ஒன்று இது. இத்தோடு பொறுப்பு முடிந்தது என்று மையம் கையைக் கழுவியிருக்கலாம். ஆனால் சேகரம் இயங்கிய மென்பொருள் பத்தாண்டுக்குள் தள்ளாடத் தொடங்கியது. அப்போது அதை ஒமேகாவுக்கு மாற்றினார்கள். ஒமேகா என்பது அருங்காட்சியகங்களும் சிறு நூலகங்களும் தங்கள் சேகரங்களைக் காட்சிக்கு வைப்பதற்காக 2008இல் அதே மையம் உருவாக்கிய இலவச மென்பொருள். ஒரு சேகரத்தைக் காப்பாற்ற வேண்டிய கைகளும், அதற்கான கருவியைச் செய்யத் தெரிந்த கைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் இது முடிந்தது.

அதே மையம் உருவாக்கிய ஸோட்டெரோவின் கதை இன்னும் தெளிவானது. ஆய்வாளர்கள் மேற்கோள் குறிப்புகளைச் சேமித்து ஒழுங்குபடுத்த உதவும் இந்த இலவச மென்பொருள் 2006 அக்டோபரில் வெளிவந்தது. 2008 செப்டம்பரில், எண்ட்நோட் என்ற விலைமென்பொருளை விற்றுவந்த தாம்சன் ராய்ட்டர்ஸ், தன் கோப்பு வடிவத்தை ஸோட்டெரோ பிரித்தறிந்துவிட்டதாகக் குற்றம்சாட்டி வழக்குப் போட்டது. 1 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. பல்கலைக்கழகம் பணியவில்லை. எண்ட்நோட் உரிமத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று பதிலுக்கு அறிவித்தது. 2009 ஜூனில் வழக்கு தள்ளுபடியானது. அதன் பின் வேறு திசையிலிருந்து அடி வந்தது. ஸோட்டெரோ ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் உள்ளே குடியிருந்த மென்பொருள். 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் தன் பழைய நீட்சிக் கட்டமைப்பையே தூக்கியெறிந்தது. ஸோட்டெரோ தனி வீடு கட்டிக்கொண்டு வெளியே வர வேண்டியதாயிற்று. இன்று அதைப் பயன்படுத்தும் மாணவருக்கு இந்தக் குடிபெயர்ப்பு தெரியாது. தெரியாமலிருப்பதுதான் வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளம். பேணும் வேலைக்கு மதிப்பெண் கிடைக்காமல் போவதற்குக் காரணமும் அதுவே.

தமிழ் ஆய்வாளர் ஒருவர் இந்த மென்பொருளில் உ. வே. சாமிநாதையரின் பதிப்பு ஒன்றைப் பதிவதாக வைத்துக்கொள்வோம். முதற்பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். உத்தமதானபுரம் ஓர் ஊர், வேங்கடசுப்பையர் தந்தை, இதில் எது குடும்பப் பெயர்? இரண்டு கட்டங்களை ஒன்றாக்கிக்கொள்ளும் பொத்தான் பக்கத்திலேயே சிறியதாக இருக்கிறது. அதை அழுத்தலாமா, அழுத்தினால் அகரவரிசையில் பெயர் 'உ'வின் கீழ் போகுமா 'சா'வின் கீழ் போகுமா, நூலக அட்டவணையோடு அது ஒத்துப்போகுமா என்பவை நிரலாளர் தீர்க்கக்கூடிய கேள்விகளல்ல. உலகத்துப் பெயர்களெல்லாம் இரண்டு துண்டாக உடையும் என்று நம்பிய ஒரு பண்பாடு அந்தக் கட்டங்களை வரைந்தது. அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்க, பெயர்களைப் பற்றித் தெரிந்தவர் மென்பொருள் செய்யும் அறைக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இணையத்தில் உள்ள தமிழ் உரைகளில் ஔவையார் என்று தேடினால் பாதி ஔவையார்கள் சிக்கமாட்டார்கள். 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளைத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதியவர்கள் அத்தனை பேர். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கணினிக்கு வேறு வேறு. கௌரவத்துக்கும் 'கெளரவ'த்துக்கும் இதே கதி. 'ஒள' வந்தால் 'ஔ' என்றும், எகரக் குறிக்குப் பின் 'ள' வந்தால் ஔகாரக் குறி என்றும் மாற்று எனக் கட்டளை போட்டால் முதலில் பலியாவது 'ஒளி' என்ற சொல். அடுத்து கெளுத்தி மீன். சரி, 'ள'வுக்குப் பின்னால் உயிர்க்குறி இருந்தால் தொடாதே என்று நிரலாளர் விதியைத் திருத்துகிறார். ஒளியும் கெளுத்தியும் பிழைத்துக்கொள்கின்றன. பிறகு ஒரு கரிசல் வட்டாரக் கதையில் யாரோ 'வெளக்கு' ஏற்றுகிறார், பிள்ளைகள் 'வெளையாட'ப் போகிறார்கள். இரண்டாவது தப்பிக்கிறது, முதலாவது 'வௌக்கு' ஆகிவிடுகிறது. பேச்சு வழக்கை எழுத்தில் கொண்டுவர எழுத்தாளர் மெனக்கெட்டதை ஒரு வரி நிரல் அழித்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க வட்டார இலக்கியம் படித்த ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். அதுவும் நிரல் எழுதும் நாளில் மட்டும் போதாது. அடுத்த வருடம் புதிய உரைத்தொகுதி சேரும்போதும் இருக்க வேண்டும்.

அச்சு உரைக்கே இந்தப் பாடு என்றால் ஓலைச்சுவடியைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். ஒற்றைக் கொம்பு, ககரம், கால் போன்ற ஒரு கோடு, னகரம் என்று நான்கு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அது 'கோன்' என்ற அரசனா? தொல்காப்பியம் நான்கு பொருள் சொல்லும் 'கொன்' என்ற இடைச்சொல்லா? அந்தக் கோடு காலா, ரகரமா? தட்டச்சு செய்பவர் ஏதாவது ஒன்றைத் தட்டித்தான் ஆக வேண்டும். தட்டிய கணத்தில் அவர் பதிப்பாசிரியர் ஆகிவிடுகிறார். அந்த முடிவையும் விலக்கிய வாசிப்புகளையும் எங்கே பதிந்து வைப்பது, பின்னால் வருபவர் மாற்ற நினைத்தால் எப்படி மாற்றுவது என்பதற்கு ஏற்பாடு இருந்தால் அது ஆய்வுப் பதிப்பு. இல்லாவிட்டால் வெறும் தட்டச்சு.

இந்த ஏற்பாட்டை இந்திய மொழியொன்றில் பெரிய அளவில் செய்துகாட்டியது கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். அங்குள்ள பண்பாட்டு உரைகள், ஆவணங்களுக்கான புலத்தில், ஆங்கிலப் பேராசிரியர் சுகாந்த சௌதுரியின் தலைமையில் தாகூரின் வங்காள, ஆங்கிலப் படைப்புகள் அனைத்துக்குமான இணையப் பாடபேதப் பதிப்பு உருவாயிற்று. தாகூரின் 150ஆவது பிறந்த ஆண்டையொட்டி மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் பணம் கொடுத்தது. 2013இல் 'விசித்ரா' என்ற பெயரில் அது வெளிவந்தபோது கையெழுத்துப் பிரதிகளும் அச்சு நூல்களும் இதழ்களுமாகச் சுமார் 1,40,000 பக்கங்கள் அதில் இருந்தன. தாகூர் திருத்திக்கொண்டே இருந்தவர். ஒரே கவிதைக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றை ஒப்பிட 'பிரபேத்' என்ற மென்பொருளை அவர்களே எழுதிக்கொண்டார்கள். நம் 'பேத'த்துக்கு உறவான சொல்தான் அது. முதலில் இயல் அல்லது காட்சி, அடுத்து பத்தி அல்லது செய்யுட்பகுதி, கடைசியில் சொல் என மூன்று நிலைகளில் வேறுபாடுகளை அது காட்டும். வெளிநாட்டு மென்பொருளை வாங்கி வங்காளத்தைத் திணிக்காமல், பாடபேதம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களும் நிரல் தெரிந்தவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்த வேலை. டிஜிட்டல் மானுடப் புலத்தில் முதுநிலைப் பட்டயப் படிப்பையும் ஜாதவ்பூர் நடத்துகிறது. மாணவர்கள் கற்கும் இடமும் பதிப்பு நடக்கும் இடமும் ஒன்றாக இருப்பதன் பயன் அங்கே தெரிகிறது.

இனி இருட்டான பக்கத்துக்கு வருவோம். இத்தகைய மையங்களில் பெரும்பாலானவை நல்கைப் பணத்தில் ஓடுகின்றன. நல்கை திட்டத்துக்குக் கிடைக்கும். திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. பிரிட்டனில் கலை, மானுடப் புலங்களின் தரவுகளைக் காக்க 1990களின் நடுவில் தேசிய அளவில் ஒரு சேவையை நிறுவினார்கள். லண்டனை மையமாக வைத்து, வரலாறு, தொல்லியல், இலக்கியம், காட்சிக் கலை, நிகழ்த்து கலை என ஐந்து துறைகளுக்கு ஐந்து கிளைகள். நல்கை பெற்றவர்கள் தங்கள் தரவை அங்கே ஒப்படைத்துவந்தார்கள். 2007இல் அதற்கு நிதி கொடுத்துவந்த ஆய்வுக் குழுமம் இனிப் பணம் இல்லை என்று அறிவித்தது. 2008 மார்ச்சோடு சேவை நின்றது. இதில் கவனிக்க வேண்டியது என்ன மிஞ்சியது என்பது. யார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த தொல்லியல் கிளை இன்றும் இயங்குகிறது. தரவை ஒப்படைக்கும்போதே கட்டணம் வாங்கும் முறையை அது வளர்த்துக்கொண்டிருந்தது, பல்கலைக்கழகத்தில் வேர்விட்டும் இருந்தது. 1976இலிருந்தே ஆக்ஸ்ஃபோர்டில் இருந்துவந்த உரைக் காப்பகமும் தப்பித்தது. தலைமையகம் போயிற்று, சொந்த மண்ணில் நின்ற கிளைகள் பிழைத்தன. மையம் என்பதைத் தேசியத் திட்டமாகக் கட்டுவதைவிடப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகக் கட்டுவது நீடிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை அமையாது.

அமெரிக்காவில் இதே பாடம் இன்னும் கசப்பாகத் திரும்பியது. 2025 ஏப்ரலில் தேசிய மானுடப் புல நல்கை அமைப்பு, ஏற்கெனவே வழங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளை ஒரேயடியாக ரத்து செய்தது. பாதியில் நின்ற வேலைகளில் டிஜிட்டல் திட்டங்களும் இருந்தன. புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர் கைப்பிரதியை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். வழங்கியை (சர்வரை) நிறுத்தினால் தளத்துக்குக் காத்திருக்கும் வசதி கிடையாது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி இதற்கு ஒரு விடை தேடியது. 2015இல் அங்கே தனி ஆய்வகம் அமைக்கப்பட்டபோது, முந்தைய மையம் உருவாக்கிவைத்திருந்த சுமார் 100 திட்டங்கள் சீதனமாக வந்துசேர்ந்தன. பலவற்றின் மென்பொருள் பத்தாண்டுப் பழசு. நிதி தீர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. சிலவற்றின் பேராசிரியர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆய்வகம் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தது. சிலவற்றுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம், சிலவற்றை எளிய நிலையான பக்கங்களாக மாற்றுவது, சிலவற்றை வேறு இடத்துக்கு அனுப்புவது, சிலவற்றைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு மூடுவது என்று முடிவெடுத்தது. மூடுவதும் பேணுதலின் ஒரு பகுதி என்று வெளிப்படையாகச் சொன்னதை நான் மதிக்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்றுவேன் என்பவர் எதையும் காப்பாற்றமாட்டார். இந்த அனுபவத்தை 2019இல் அவர்கள் விரிவான ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அதில் என்னைக் கவர்ந்தது தொழில்நுட்பமல்ல, பணியமைப்பு. ஆய்வு மென்பொருள் பொறியாளர், பகுப்பாய்வாளர், வடிவமைப்பாளர் என்று பதவிகளை வரையறுத்து, அவற்றுக்குப் பதவி உயர்வுப் பாதையும் வகுத்தார்கள்.

பதவியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்தத் துறையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது இத்தாலிய ஏசுசபைப் பாதிரியார் ரோபெர்த்தோ பூசா 1949இல் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்த நிகழ்ச்சி. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் நூல்களில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் சொல்லடைவு தயாரிக்க இயந்திர உதவி கேட்டார். முப்பது ஆண்டு உழைப்பில் அது 56 தொகுதிகளாக அச்சேறியது. அந்தச் சொற்களைத் துளை அட்டைகளில் ஏற்றியவர்கள் காலராத்தே நகரில் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். புகைப்படங்களில் இயந்திரங்களின் முன் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பூசா நின்றிருக்கிறார். லத்தீன் தெரியாத பெண்களும் அதில் இருந்தார்கள். மெலிசா டெராஸ், ஜூலியான் நைஹன் ஆகிய ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்குப் பின் தேடிப் போகும்வரை அந்தப் பெண்களின் பெயர்களை யாரும் கேட்கவில்லை. தட்டுபவர் வேறு, சிந்திப்பவர் வேறு என்ற பிரிவினையோடுதான் இந்தத் துறை பிறந்தது. இன்று ஒப்பந்த ஊதியத்தில் மெய்ப்பு பார்க்கும் முதுகலைப் பட்டதாரியிடம் அந்தப் பிரிவினை தொடர்கிறது. திட்டம் முடிந்ததும் அவர் போய்விடுகிறார். எந்த இடத்தில் 'கொன்' என்பதைக் 'கோன்' ஆக்கினார் என்ற நினைவும் அவரோடு போய்விடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. முதலாவது, தமிழுக்கே உரிய எதிர்வாதம்: பல்கலைக்கழகங்கள் தூங்கியபோது வேலை செய்தவர்கள் தன்னார்வலர்கள். மறுக்க முடியாத உண்மை. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தமிழர்கள் மாலை நேரத்தில் தட்டச்சு செய்த உரைகளால் வளர்ந்தது. ஈழத்து எழுத்துகளுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அப்படித்தான். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்குப் பேணுதல் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மதுரைத் திட்டத்தார் முன்பு திஸ்கி என்ற குறியேற்றத்தில் உரைகளை வைத்திருந்தார்கள். யூனிகோடு பரவலானதும் அவற்றை மாற்றினார்கள். அதே காலத்தில் வேறு வேறு எழுத்துருக்களில் ஏற்றப்பட்டு, மாற்றுவார் இல்லாமல் விடப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரிகின்றன. ஆக, தன்னார்வலர்களும் பேணினார்கள் என்பது என் வாதத்துக்கு எதிரானதல்ல. பேணியதால்தான் அவை நிற்கின்றன. ஆனால் தன்னார்வம் ஒரு தலைமுறையின் கொடை. அதை அடுத்த தலைமுறையின் கடமை என்று எழுதிவைக்க முடியாது. 1 கோடி டாலர் வழக்கு வந்திருந்தால் மாலை நேரத்தில் தட்டச்சு செய்பவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

இரண்டாவது எதிர்வாதம் ஸோட்டெரோவிலிருந்தே எழுகிறது. இன்று அதை நடத்துவது ஒரு லாபநோக்கற்ற தனி அமைப்பு. 300 மெகாபைட்டுக்கு மேல் சேமிப்பிடம் வேண்டுபவர்கள் கட்டும் சந்தாவில் அது ஓடுகிறது. அப்படியானால் பல்கலைக்கழகம் எதற்கு? உலகெங்கும் பெருந்திரளாகப் பயனர்களைக் கொண்ட கருவிக்கு இந்த வழி சரி. சோழர் காலக் கல்வெட்டுகளின் பாடங்களை ஒப்பிடும் தளத்துக்கு எத்தனை பேர் சந்தா கட்டுவார்கள்? ஸோட்டெரோவும் பல்கலைக்கழகத்தின் மடியில் வளர்ந்த பிறகுதான் தனிக்குடித்தனம் போனது.

மூன்றாவது, கூகுளும் செயற்கை நுண்ணறிவும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது. கூகுள் 2004இல் நூலகங்களை ஸ்கேன் செய்யத் தொடங்கியபோது, புத்தகம் கொடுத்த பல்கலைக்கழக நூலகங்கள் ஒரு பிரதியைத் தங்களுக்கென்று வாங்கிவைத்துக்கொண்டு, 2008இல் ஹாத்திடிரஸ்ட் என்ற கூட்டுக் காப்பகத்தை அமைத்தன. நிறுவனத்தை நம்பியவர்களும் முழுக்க நம்பவில்லை என்பதே இதன் பொருள். இயந்திரம் சுவடி வாசிக்கும் திறன் வேகமாக வளர்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் அது எந்த உரைகளைக் கொண்டு பயிற்சி பெறுகிறதோ அந்த உரைகளில் 'வௌக்கு' இருந்தால் அதுவும் 'வௌக்கு' என்றே கற்றுக்கொள்ளும். இயந்திரம் வளர வளர நல்ல பதிப்பின் தேவை கூடுகிறது.

நான்காவது எதிர்ப்பு துறைக்குள்ளிருந்தே வந்தது. எனக்குப் பெரிதாகப் படுவதும் இதுதான். 2016இல் டேனியல் அலிங்டன், சாரா புருயெட், டேவிட் கொலம்பியா மூவரும் 'லாஸ் ஏஞ்சலஸ் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில், டிஜிட்டல் மானுடப் புலம் பல்கலைக்கழகத்தைச் சந்தைக்கு ஏற்ப மாற்றும் நவதாராளவாதத்தின் கருவி என்று கடுமையாக எழுதினார்கள். விமர்சன வாசிப்பைத் தள்ளிவிட்டு, கருவி செய்வதையும் நல்கை பிடிப்பதையும் ஆய்வாகக் காட்டுகிறது என்பது குற்றச்சாட்டு. 2019இல் நான் ஸி டா, இலக்கியத்தைக் கணினியால் எண்ணிப் பார்க்கும் ஆய்வுகள் பலவற்றை எடுத்துச் சோதித்து, வலுவாகத் தெரியும் முடிவுகள் சாதாரணமானவை என்றும், சாதாரணமற்ற முடிவுகள் வலுவற்றவை என்றும் வாதிட்டார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. தமிழ்த் துறையில் காலிப் பணியிடங்களை நிரப்பாமல், அந்தப் பணத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஆய்வகம் திறப்பது மோசடிதான். ஆனால் இந்த விமர்சனம் சுடுவது, நல்கைக்காகப் புதிது புதிதாகத் தொடங்கி, ஒப்பந்த ஆட்களை வைத்து முடித்து, அடுத்ததற்குத் தாவும் மையத்தை. பேணுதலை முதற்பணியாகக் கொள்ளும் மையத்தை அது தொடுவதில்லை. சொல்லை எண்ணுவது ஆய்வா என்ற சண்டையில் யார் ஜெயித்தாலும், எண்ணுவதற்கும் வாசிப்பதற்கும் திருத்தமான உரை வேண்டும் என்பது மாறாது.

கல்வியைப் பற்றியும் இதே கோணத்தில்தான் பேச வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் மேசனில் வரலாற்று முனைவர் பட்ட மாணவர்கள் டிஜிட்டல் வரலாறு படித்தே ஆக வேண்டும்; அது விருப்பப் பாடமல்ல. நம் பல்கலைக்கழகங்களில் கணினித் தமிழ் என்ற தாள் உண்டு. தட்டச்சு, எழுத்துரு, வலைப்பூ என்று பல இடங்களில் அது முடிந்துவிடுகிறது. சுவடியியல் தாள் வேறு வகுப்பில், வேறு ஆசிரியரிடம். புள்ளியில்லாத எழுத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு மணி நேரமும், அதை எப்படிக் குறியேற்றுவது என்று அடுத்த மணி நேரமும் ஒரே மேசையில் நடந்தால்தான் மாணவருக்கு இரண்டும் ஒரே கேள்வி என்று புரியும்.

தமிழில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த நூல்கள், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. தமிழ் இணையக் கல்விக்கழகம் கால் நூற்றாண்டாக இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனங்களின் சுவடிகள் இருக்கின்றன. இவற்றில் பலவும் படங்களாக இணையத்தில் கிடைக்கின்றன. பாடபேதங்களோடு, விலக்கிய வாசிப்புகளோடு, திருத்தியவர் பெயரும் தேதியுமாக, ஒரு சங்க நூலுக்காவது 'விசித்ரா'வைப் போல ஒரு பதிப்பு நம் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வர வேண்டும். நாளை தமிழகத்திலோ யாழ்ப்பாணத்திலோ அப்படியொரு மையம் அறிவிக்கப்பட்டால், எத்தனை கோடி ஒதுக்கீடு என்பது செய்தித்தாளின் தலைப்பில் வரும். அரசாணையை வாங்கிப் பாருங்கள். அதில் நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் பதிப்பாசிரியருக்கு எத்தனை, நிரலாளருக்கு எத்தனை, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு அவர்களுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்று தேடுங்கள். இல்லையென்றால், எந்த நிகழ்ச்சியில் சந்தித்தாலும் துணைவேந்தரிடம் அதைக் கேளுங்கள்.